நீச்சல் குளத்தில் நடந்த மாதக் கூட்டம்

எங்கள் சேவைக் கழகத்தின் மாதக் கூட்டம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கடைவரிசையின் மாடியில் நடக்கும். என் கணவர் கழகத்தின் செயலாளர். நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கழகத்தில் என் பொறுப்பு சிறப்புப் பேச்சாளரைக் கவனித்துக்கொள்வது. அவருக்கு நாற்காலி போட்டு, குடிக்கச் சுடுநீர் வைத்து, பேசி முடித்ததும் நினைவுக் கேடயத்தை எடுத்துத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். பிறகு படம் எடுப்பார்கள். பிறகு சாப்பாடு.

மாதத்துக்கு ஒருவர் வந்து பேசிப் போவார். உயில் எழுதுவதைப் பற்றி ஒரு வழக்கறிஞர் பேசினார். இனிப்பு நீர் வியாதியைப் பற்றி ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அன்றைக்கு வைத்திருந்த குலாப் ஜாமுன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே தீர்ந்துபோனது. கேட்டதை யாராவது வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்ததாக எனக்கு நினைவில்லை. நானும் செய்ததில்லை.

அப்படி ஒரு மாதம் வந்தவர் ஒரு மலாய்க்காரர். பொம்பாவில், அதாவது தீயணைப்புப் படையில், நீர் மீட்புக் குழுவில் இருந்து ஓய்வு பெற்றவர். படம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒலிவாங்கியைக் கூட வாங்கவில்லை. அருவியிலோ கடலிலோ பிள்ளை தவறி விழுந்தால் முதலில் குதிப்பது பெரும்பாலும் தாய்தான் என்றார். நீந்தத் தெரியாத தாய். தாங்கள் போய்ச் சேரும்போது சில நேரம் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். மண்டபத்தில் தட்டு வைக்கும் சத்தம் நின்றுவிட்டது.

இங்கே யாருக்கெல்லாம் நீந்தத் தெரியும் என்று கேட்டார். ஆண்கள் பக்கத்தில் சில கைகள் எழுந்தன, அதுவும் பாதி உயரத்துக்கு. பெண்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, தண்ணீரில் மல்லாந்து மிதக்கத் தெரிந்தாலே பாதி ஆபத்து போய்விடும் என்பதை விளக்கத் தொடங்கினார்.

நான் வளர்ந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய குட்டை இருந்தது. பையன்கள் அதில் விழுந்து எழுந்து தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் அடி விழும். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களை அருவிக்குக் கூட்டிப்போன காலத்திலும் நான் கையில் துண்டோடு கரையில்தான் நின்றேன். கழகத்தின் குடும்ப நாள் வருடா வருடம் கடற்கரையில் நடக்கும். அங்கேயும் பெண்கள் நாங்கள் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பானைக்குக் காவல் இருப்போம். அதை ஒரு குறையாக அதுவரை நான் நினைத்ததில்லை. அன்றைக்குத்தான் நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஐம்பதைத் தாண்டியவள் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். தன் மனைவி கற்றுக்கொண்டது பேத்தி பிறந்த பிறகு என்றார். ஆயர் குரோ பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் ஞாயிறு காலையில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு சீன அம்மாவைத் தெரியும், தன் பெயரைச் சொன்னால் போதும் என்றார்.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் புரியாமல் பார்த்தார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குமா இதெல்லாம்? கடலுக்குப் போனா கரையில இரு, முடிஞ்சுது லா."

"கரையிலதாங்க ஐம்பது வருசமா இருக்கேன்," என்றேன்.



மறுநாள் தொழிற்சாலை கன்டினில் அக்காவிடம் சொன்னேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. குருபோங்கில் குடியிருப்பவர், என் பிரிவிலேயே எனக்கு மூத்தவர், என் மூலமாகக் கழகத்தில் சேர்ந்தவர். முட்டி வலிக்குத் தண்ணீரில் உடற்பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தாராம். மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசை இருக்கிறது, அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்க்கொள்கிறேன், நீ நாளைக் குறி என்றார்.

முதல் சிக்கல் உடுப்பு. காலையும் கையையும் காட்டிக்கொண்டு எங்களால் நிற்க முடியாது. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், முஸ்லிம் பெண்களுக்காக விற்கும், தலை முதல் கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடையைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கடைக்காரப் பெண் என் நெற்றிப் பொட்டையும் அக்கா கழுத்துச் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. எனக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைத் தேடி எடுத்து, கண்ணாடி முன்னால் பிடித்துக் காட்டினாள். தாலிக்கொடியை உள்ளே ஊக்கு போட்டுக் குத்திக்கொள்ளலாம் என்று நானே யோசித்து வைத்தேன்.

ஆசிரியையான அந்தச் சீன அம்மா குட்டையான பெண்மணி. அறுபது வயது இருக்கும். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் என்பதால் மலாயோடு கொஞ்சம் தமிழும் வந்தது. முதல் நாள் என் தலையில் மாட்டிய ரப்பர் தொப்பி வழுக்கி வழுக்கி மேலே ஏறியது. முகர்ந்து பார்த்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது என்றார். இடுப்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை நனைக்கச் சொன்னார். அவ்வளவுதான் அன்றைய பாடம். என்னால் முடியவில்லை. மூக்கு தண்ணீரைத் தொட்டதும் உடம்பு தானாக நிமிர்ந்தது. அக்கா பக்கத்தில் இயேசுவே இயேசுவே என்று சொல்லிக்கொண்டே முகத்தை உள்ளே விட்டு எடுத்துவிட்டார்.

எனக்கு அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. பிறகு மிதப்பது. மல்லாந்து படுத்தேன். காது தண்ணீருக்குள் போனது, ஊர்ச் சத்தமெல்லாம் அடங்கியது, ஆசிரியையின் கை என் முதுகுக்குக் கீழே இருந்தது. "பயம் இல்ல, பயம் இல்ல," என்று அவர் சொல்வது தூரத்தில் கேட்டது. அந்தக் கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றபடி அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபோதுதான் நான் தனியாக மிதப்பது தெரிந்தது. உடனே பதறி மூழ்கி, குளத்துத் தண்ணீரை வயிறு நிறையக் குடித்தேன். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன் என்று கணவர் இன்றும் சொல்கிறார்.

கணவர்தான் ஞாயிறுதோறும் எங்களை ஏற்றிப்போவார். முதலில் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். போகப் போகப் பேப்பர் மடியிலேயே இருந்தது. கழகத்துப் பெண்கள் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். மாதக் கூட்டத்தில் விஷயம் பரவியது. தலைவர் நல்ல மனிதர், ஆனால் கேலி செய்யாமல் அவரால் இருக்க முடியாது. இனிமேல் குடும்ப நாளில் நம்மைக் காப்பாற்ற நம் வீட்டுப் பெண்களே போதும் என்று ஒலிவாங்கியில் சொன்னார். மண்டபம் சிரித்தது. நாங்களும் சிரித்து வைத்தோம்.

சில மாதம் கழித்து, வர வேண்டிய பேச்சாளர் ஒருவர் வர முடியாது என்று சொல்லிவிட்டார். செயற்குழுவில் என் கணவர், வெளியிலேயே ஏன் ஆள் தேட வேண்டும், என் மனைவி பேசட்டுமே என்றாராம். என்னிடம் கேட்காமலேயே சொல்லிவிட்டு வந்து நின்றார். எனக்கு மேடையில் பேச வராது. கேடயம் எடுத்துக் கொடுக்கத்தான் வரும். ஒரு நிபந்தனை போட்டேன்: கூட்டம் மாடியில் வேண்டாம், குளத்துக்கு வாருங்கள், முழு நீளமும் நீந்திக் காட்டுகிறேன்.

தலைவர் போனில் கூப்பிட்டார். கொடியை எங்கே கட்டுவது, கேடயத்தை ஈரக் கையில் எப்படிக் கொடுப்பது என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் வழி சொன்னேன். கடைசியில், "சரி லா, வர்றோம்," என்றார்.

அவர் போனை வைத்த பிறகுதான் எனக்குச் சிக்கல் உறைத்தது. குளத்தின் முழு நீளத்தை நான் அதுவரை ஒரே மூச்சில் கடந்ததில்லை. ஆழமான பாதி தொடங்கும் இடத்தில் தரை சரிந்து நீலம் கருக்கும். அங்கே வந்ததும் தடத்தைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளத்து வேலியில் கழகத்தின் கொடி கட்டியிருந்தது. சட்டை, பட்டுப் புடவை என்று கூட்டத்துக்கு வருவதைப் போலவே எல்லோரும் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொம்பாக்காரரையும் அழைத்திருந்தோம், முன்வரிசையில் இருந்தார். தலைவர் வழக்கம்போல வரவேற்றுப் பேசி, சிறப்புப் பேச்சாளர் என்று என் பெயரைச் சொல்லி, சிரிப்பு வரும் என்று கொஞ்சம் நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. நான் கத்தரிப்பூ நிற உடையில் தண்ணீர் ஓரம் நின்றிருந்தேன்.

"டீச்சர், அந்த ஆழத்துல என்னால முடியாது," என்றேன் மெதுவாக.

"முடியலன்னா மல்லாந்து படு. தண்ணி தூக்கும். நான் கரையில கூடவே நடந்து வர்றேன்," என்றார் அவர். கையில் நீளக் கம்பு வைத்திருந்தார்.

தவளை நீச்சலில் தொடங்கினேன். ஆழம் குறைந்த பாதி எனக்குப் பழகிய வீடு மாதிரி. பிறகு தரை சரிந்தது. நீலம் கருத்தது. யாரோ இருமிய சத்தம் கேட்டு மூச்சைத் தப்பான நேரத்தில் இழுத்துவிட்டேன். மூக்கில் தண்ணீர் ஏறிக் கண் எரிந்தது. கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கரையில் என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

கயிற்றைப் பிடிக்கவில்லை. புரண்டு மல்லாந்து படுத்தேன். காது தண்ணீருக்குள் போனது. வானத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. இருமி, மூச்சு வாங்கி, நெஞ்சு அடங்கும் வரை அப்படியே கிடந்தேன். எனக்குக் கீழே என்னை விட உயரமான தண்ணீர் இருந்தது, அது என்னைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை நம்பிய அந்தக் கணத்தில் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்பிப் புரண்டு, அவசரமே இல்லாமல் மீதித் தூரத்தை நீந்தினேன். எதிர்ச் சுவர் கையில் தட்டியது.

கைதட்டல் தலைக்கு மேலே கேட்டது. ஏணியைப் பிடித்து ஏறும்போது, நாற்காலிகளில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை என்பதைப் பார்த்தேன். கணவர் துண்டோடு ஓடி வந்தார். கரையில் துண்டு பிடிக்கும் வேலை இப்போது அவருக்கு. கொடுத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று அக்கா காட்டிக்கொடுத்தார்.

தலைவர் ஒலிவாங்கியை நீட்டினார். மூச்சு வாங்க நின்றேன்.

"எனக்குப் பேச வராதுங்க," என்றேன். "இப்ப நீங்க பாத்ததுதான் பேச்சு. பேசி முடிச்சிட்டேன்."

அதற்கும் கைதட்டினார்கள். பொம்பாக்காரர் எழுந்து வந்து, தன் வேலைக் காலத்தில் தண்ணீரிலிருந்து எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்திருப்பதாகவும், ஒருவரைத் தண்ணீருக்குள் அனுப்பியதற்காக இத்தனை மகிழ்ச்சி அடைந்தது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். கேடயத்தை யார் எடுத்துக் கொடுப்பது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காதான் ஓடிப்போய் எடுத்து வந்தார். ஈரக் கையோடுதான் வாங்கினேன்.

பிறகு அக்காவும் மற்றப் பெண்களும் தண்ணீரில் இறங்கினார்கள். வரிசையாகச் சேர்ந்து மிதந்து காட்டினார்கள். கத்தரிப்பூ, கறுப்பு, பச்சை என்று அந்தப் பக்கம் முழுதும் நிறமாக இருந்தது. பட்டுப் புடவையோடு வந்திருந்த தலைவரின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் படியில் காலை நனைத்தபடி நின்றார். அவர் எங்கள் கூட்டங்களில் வாயே திறக்காதவர்.

"அடுத்த வாரம் எனக்கும் அந்த உடுப்பு எங்க கிடைக்கும்னு காட்டுவியா?" என்று என்னிடம் கேட்டார். தலைவர் பக்கத்தில்தான் இருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்து அனுமதி கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு இரண்டு தடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டாவது தடம் ஆண்களுடையது. அங்கே தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை நனைக்கப் பழகுகிறார். அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.