நான்காம் தடத்தின் தொடக்கக்கோடு

காலை ஆறரை மணிக்கெல்லாம் உடற்கல்வி ஆசிரியை மைதானத்தில் நிற்பார். ஒரு கையில் சுண்ணாம்புத்தூள் வாளி, மறுகையில் அளவு நாடா. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் போட்ட கோடு எதுவும் கோணியதில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘மில்லிமீட்டர்’. அது காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை, உள்ளூர மகிழ்ந்தார்.

அவருக்கு இருந்த ஒரே தலைவலி கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையை ‘இந்த ஒரு வாரம் மட்டும்’ என்று கேட்டு வாங்குவார். அந்த ஒரு வாரம் முடிந்ததாக வரலாறு இல்லை. ஒருநாள் ஆசிரியர் அறையில், ஓடிப்பிடித்து ஆடுவதற்கு ஒரு பாடவேளை எதற்கு என்று அவர் கேட்டுவிட, ஆசிரியைக்குச் சுருக்கென்று தைத்தது. தம் மைதானத்தில் ஒவ்வோர் அடியும் அளந்து வைத்ததென்றும், கணக்கு நோட்டில்கூட அவ்வளவு துல்லியம் இருக்காதென்றும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே பாடவேளையை உடற்கல்வி ஆசிரியைக்கே விட்டுவைத்தார்.

அந்த வாரமே மாவட்டப் போட்டியின் நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மைதானத்தின் ஒரு சுற்று இருநூறு மீட்டர். இதுவரை அங்கே ஒரு சுற்று ஓட்டமே நடந்திருந்தது. இரண்டு சுற்று, அதுவும் கடைசிவரை அவரவர் தடத்திலேயே என்பது இதுவே முதல்முறை. வெளித்தடத்தில் ஓடுபவள் பெரிய வளைவைச் சுற்ற வேண்டும். அவளுக்குத் தூரம் கூடிவிடாதிருக்க, அவளுடைய தொடக்கக்கோட்டை முன்னே தள்ளிப் போடுவார்கள். ஆசிரியையும் தடத்துக்கு ஏழரை மீட்டர் சொச்சம் வீதம் தள்ளிப் போட்டார். ஆண்டுதோறும் போட்ட அளவு. கை தானாகவே போட்டது.

நால்வர் ஓடினார்கள். முதல் தடத்தில் ஓடிய ‘பட்டாசு’ வென்றாள். நான்காம் தடத்தில் ஓடிய நெட்டைப் பெண், தோழிகள் ‘ஒட்டடைக்குச்சி’ என்று அழைப்பவள், இருபது மீட்டர் பின்தங்கிக் கடைசியாக வந்தாள். ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் பயிற்சிக்கு வந்தவள் அவள். மூச்சு அடங்கியதும் ஆசிரியையிடம் வந்தாள்.

“எனக்கு ஓட்டம் வரல டீச்சர். நாளைலேர்ந்து என் பேர எடுத்துடுங்க.”

நிறுத்துக் கடிகாரம் காட்டியதை மறுத்துப் பேச ஆசிரியையால் முடியவில்லை. அவளும் அழவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அன்று மாலை வீட்டின் முன்னறையில் அவருடைய கணவர் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, ஒரு குழந்தையின் கவுன் விளிம்பில் லேஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை போதும் என்று சொல்லியிருந்த வாடிக்கையாளர் இப்போது இரண்டு வரிசை கேட்கிறாராம். “ஒரு சுத்துக்கு வெட்டினத வெச்சு ரெண்டு சுத்து எப்படிம்மா ஓட்டறது? ரெட்டிப்பா வேணாமா?” என்று அலுத்துக்கொண்டார்.

ஆசிரியையின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது. செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். ஒருமுறைக்கு இருமுறை போட்டும் விடை மாறவில்லை. இரண்டு சுற்று ஓட்டத்துக்கு ஒரு சுற்றின் அளவையே தள்ளியிருக்கிறார். நான்காம் தடத்துக்காரி முதல் தடத்துக்காரியைவிட இருபத்துமூன்று மீட்டர் அதிகம் ஓடியிருக்கிறாள்.

நடந்ததைக் கணவரிடம் சொன்னார். சொன்னால் கணக்கு வாத்தியார் வாயில் அவலாகிவிடுவோம், பாடவேளையும் போய்விடும் என்றும் சொன்னார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கணவர் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: “தப்பாத் தெச்சா பிரிக்கத்தான் வேணும். நீ பிரிக்க வெக்கப்பட்டா, போட்டுக்கறவங்களுக்குல்ல இறுக்கிப் பிடிக்குது.”

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன்பே ஆசிரியை தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார். வருகைப் பதிவேட்டோடு கணக்கு வாத்தியாரும் அங்கே நின்றிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருக்க மனம் சொல்லியது, கால் கேட்கவில்லை.

“மேடம், மாவட்டப் போட்டிக்குப் பேர் அனுப்பற தாள்ல கையெழுத்துப் போடாதீங்க. கோட்டத் தப்பாப் போட்டுட்டேன். தப்பு என்னோடது.”

கணக்கு வாத்தியார் எண்களைக் கேட்டு வாங்கித் தாளில் எழுதிப் பார்த்தார்.

“என் பசங்களும் இங்கதான் சறுக்குவாங்க. அதுக்கு நான் அரை மார்க் குறைப்பேன்.”

“தாராளமாக் குறைங்க சார். ஆனா மூணாவது பீரியட்ல வந்து டேப்போட மறுமுனையப் பிடிச்சுக்கங்க.”

அவர் வந்தார். கால்சட்டையின் நுனியை மடித்துவிட்டுக்கொண்டு, வெயிலில் குனிந்து நாடாவைப் பிடித்தார். அளந்த இடத்தையே மறுபடியும் அளக்கச் சொல்லி ஆசிரியையின் உயிரை வாங்கினார். ஆசிரியையும் முகம் கோணாமல் அளந்தார். பிறகு நான்கு பெண்களையும் நிறுத்தி, நேற்றைய ஓட்டம் ஏன் செல்லாது என்று ஒன்றும் மறைக்காமல் விளக்கினார். தடத்துக்குச் சீட்டுப் போடலாம் என்றபோது நெட்டைப் பெண் முன்னே வந்தாள்.

“எனக்கு அந்த நாலாவதே குடுங்க டீச்சர்.”

விசில் ஒலித்தது. முதல் சுற்றில் பட்டாசு முந்தினாள். கடைசி வளைவு முடிந்து நேர்க்கோட்டுக்கு வந்தபோது இருவரும் தோளோடு தோளாக இருந்தார்கள். கடைசிப் பத்து மீட்டரில் நீண்ட கால்கள் வேலையைக் காட்டின. ஒரு மார்பளவு முன்னே, நெட்டைப் பெண் கோட்டைக் கடந்தாள். கணக்கு வாத்தியார் கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

பட்டாசுக்கு முகம் சிவந்துவிட்டது. முழங்காலில் கையூன்றி நின்றவள் நிமிர்ந்து, “இந்தத் தடவையாவது சரியா அளந்தீங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

மற்றப் பெண்கள் திகைத்தார்கள். ஆசிரியை அளவு நாடாவை அவள் கையில் கொடுத்தார்.

“கேக்க வேண்டிய கேள்விதான். நீயே அளந்து பாரு.”

அவள் நான்கு கோடுகளையும் அளந்தாள். ஒரு முனையை நெட்டைப் பெண்ணே பிடித்துக்கொண்டாள். முடித்துவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டே வந்தாள்.

“சரியாத்தான் இருக்கு. நாளைக்கு அவளோட பயிற்சிக்கு நானும் வரலாமா டீச்சர்?”

“ஆறரைக்கு வா,” என்றார் ஆசிரியை. “ஆறு முப்பத்தொண்ணு ஆச்சுன்னா நான் கேட்டைச் சாத்திடுவேன்.”