பக்கத்தில் ஆள் வேண்டாம்

மன்னாரிலிருந்து நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்று நின்றே இடுப்பைத் தேய்த்தவர் சூசைரட்ணம். ஓய்வுபெற்றபின் மனைவி எமிலியாவுடன் ஒஸ்லோவில், அம்மருட் அடுக்குமாடியில் இருந்தார். 2007 மாரிக் குளிரில் அவரைப் பயம் பிடித்தது. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். மாதா கோயிலைத் தவிர எங்கும் போகாமல் விட்டார்.

அந்த வருடம், முதியவர்களின் பதற்றத்தைக் கண்டறியும் வினாத்தாள் ஒன்றை ஓர் ஆராய்ச்சிக் குழு தமிழாக்கியிருந்தது. தமிழிலும் அது சரிவருமா என்று பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். தாளை நிரப்பியவரிடம், அதைப் பார்க்காத மருத்துவர் தனியே கதைப்பார். தாளின் முடிவும் மருத்துவரின் முடிவும் ஒத்துப்போக வேண்டும். அந்தக் குழுவிலிருந்த ராகவி கோயில் மண்டபத்தில் மேசை போட்டிருந்தாள்.

சூசைரட்ணம் பெயர் கொடுத்தார். மகன் கொன்ஸ்ரன்ரைனும் கூடவே வந்து அமர்ந்தான்.

"அப்பாவுக்கு ஒரு பயமும் இல்லை. எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு போடுங்கோ."

"வீட்டு ஆக்கள் பக்கத்திலை இருக்கேலாது, அண்ணை," என்றாள் ராகவி.

"அவருக்கு வாசிக்கக் கண் தெரியாது."

"கண்ணாடி பொக்கற்றுக்குள்ளை கிடக்கு," என்றார் சூசைரட்ணம். "நீ வெளியிலை போ."

"விசர், பைத்தியம் எண்டு சனம் கதைக்கும், அப்பா."

"கதைக்கட்டும். நெஞ்சு அடிக்கிறது எனக்கு."

மகன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். வெளியே போகப் பயமா என்ற கேள்வியில் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு 'அடிக்கடி' என்ற கட்டத்தில் அழுத்திக் குறித்தார்.

தாள் சொன்னதையே மருத்துவரும் சொன்னார்: பதற்ற நோய், சிகிச்சை உண்டு. மகன் தடுத்தான், பிறகு பல வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. சூசைரட்ணம் சிகிச்சையை விடவில்லை. வைகாசியில் எமிலியாவோடு ரயிலேறி குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கி வந்தார். பயம் முழுதாகப் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கையில், கோயிலுக்கு வரும் அருளானந்தன் எல்லாருக்கும் கேட்கச் சிரித்தார். "சூசையண்ணை, மனவைத்தியரிட்டைப் போறியளாம்?"

"ஓம், போறன். ஒளிச்சுப் போக நான் களவெடுக்கேல்லை. உங்களுக்கும் தேவையெண்டால் இடம் சொல்லுறன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பூசைக்கு வந்திருந்த மகன் முகம் சிவந்து கிட்ட வந்தான். "இதை வீட்டிலை கதைச்சிருக்கலாமே, அப்பா?"

"வீட்டிலையும் கதைப்பன், இஞ்சையும் கதைப்பன்," என்று சொல்லிவிட்டு, இன்னொரு கோப்பி ஊற்றப் போனார்.