கன்னி ராசிக்குச் சுகம்

காலண்டர் கம்பெனியில் பிழை திருத்துகிறவளுக்கு நல்ல பேர் கிடைக்க வழியே இல்லை. பிழை வந்தால்தான் அவள் ஞாபகமே வரும். சிவகாசியில் பதினோரு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. கடைசி நாலு வருஷம் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸும் கூடவே வருகிறது. நரம்பின் மேலுறையை நம் உடம்பே அரித்துவிடும் நோய். கால் மரத்துப்போகும், வெயில் ஏறினால் எழுத்து மங்கும், காலையிலேயே களைப்பு அடித்துப் போடும். வெளியே ஒன்றும் தெரியாது. இதோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

வேன் சீட்டு

கம்பெனி வேனில் எனக்கு உட்கார இடம் வேண்டும். நின்றால் முழங்கால் மடங்கிவிடும். நோயைச் சொன்னால் வீட்டோடு இரு என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம், யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு நாள் பைண்டிங் பிரிவு முத்துலட்சுமியை முந்திக்கொண்டு சீட்டைப் பிடித்தேன். அவள் கம்பியைப் பிடித்து நின்றபடி சொன்னாள்: "ஆளு கல்லு கணக்கா இருக்கெ, ஒனக்கு என்னத்தா வந்துச்சு?"

சிவப்புப் பேனா

தினசரி காலண்டரில் ஒவ்வொரு ராசிக்கும் ஒரே வார்த்தையில் பலன் இருக்கும். ஜோசியர் எழுதித் தருவதை எழுத்துப் பிசகாமல் சரிபார்ப்பது என் வேலை. என் ராசி கன்னி. அன்று கைக்கு வந்த அடுத்த வருஷத் தாள்களில் கன்னிக்கு நேரே சோர்வு, கவலை, மறுபடி சோர்வு என்றே வந்துகொண்டிருந்தது. கண்ணும் மங்கல். இன்னும் ஒரு வருஷம் இப்படியேவா? உயிரோடு இருந்து என்ன என்றுகூடத் தோன்றியது. சோர்வையெல்லாம் அடித்துவிட்டுச் சுகம் என்று போட்டேன்.

ஜோசியர் பிரதியோடு ஒத்துப் பார்த்த முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். வேலை போச்சு என்று நின்றேன். ஏன் என்று அவர் கேட்டதும், நோயையும் சேர்த்துச் சொல்லி ஓவென்று அழுதேன். அவர் தாளை மடக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் கன்னி ராசிதாம்மா. காலண்டரைத் திருத்தாதே, டாக்டரைப் பாரு."

மதுரையில்

டாக்டரைப் பார்க்காமல் இல்லை. நாலு வருஷமாக நரம்பு டாக்டரிடம் காலையும் கண்ணையும் பற்றித்தான் சொல்லியிருந்தேன். அழுகை என் கோழைத்தனம் என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்த முறை, விவரம் எழுதும் நர்ஸ் ஸ்டெல்லாவிடம் வாழப் பிடிக்காத நாட்களையும் சொன்னேன். அன்றே மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டு அவர் சொன்னார்: "இதை ஏங்க்கா ஒளிச்சீக? அழுகையும் இந்த நோய்ல உள்ளதுதான். அதுக்கும் வைத்தியம் இருக்கு."

சாப்பாட்டு நேரம்

மாத்திரையும், டாக்டரிடம் மனசுவிட்டுப் பேசுவதுமாக மாதங்கள் போயின. கால் பழையபடிதான், மனசு கொஞ்சம் நிமிர்ந்தது. ஒரு மதியம் முத்துலட்சுமியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஐயோ பாவம் என்பாள் என்று பார்த்தால், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, வாயில கொளுக்கட்டையா வச்சிருந்தெ? இம்புட்டு நாளும் ஒன்னைய மனசுக்குள்ள ஏசிக்கிட்டுல்ல வந்தேன், அந்தப் பாவம் யாருக்கு?"

அழுதால் வேலை போய்விடும் என்று நாலு வருஷம் அடக்கிவைத்தேன்; அழுத பிறகு அண்ணாச்சி எனக்குப் போட்டுக் கொடுத்தது, ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி.