லூர்துமேரி அக்காவின் மனுவில் ஒரே ஒரு பெயர்

லூர்துமேரி அக்கா இறந்துவிட்டார். நேற்று காலை நெஞ்சுவலி... ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை பக்கம் ஒரு பொம்மை யூனிட்டில் எனக்குப் பக்கத்து ஸ்டூல் அவருக்கு. பதினோரு வருஷம். அவர் பிள்ளையாருக்குக் கண் எழுதுவார், நான் கிரீடத்துக்குத் தங்கக் கலர் அடிப்பேன்.

காலையிலிருந்து போனில் "பசுமைப் போராளிக்கு வீரவணக்கம்" என்று ஒரே ஃபார்வர்டு. அடேங்கப்பா! ஏரிக்காக அவர் வீடு வீடாகக் கையெழுத்து கேட்டு வந்தபோது கதவைச் சாத்தினவர்கள்தான் இன்றைக்கு மெழுகுவர்த்தி எமோஜி போடுகிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடைந்த பொம்மை, தேய்ந்துபோன பிளாஸ்டர் அச்சு எல்லாம் டிராக்டரில் போய் ஊருக்குப் பின்னால் இருக்கும் ஏரியில்தான் விழும். தண்ணீர் குடிக்க இறங்கும் ஆடுகள் காலைக் கிழித்துக்கொண்டு வரும். அக்காவின் ஆடு ஒன்று அப்படித்தான் புண்ணில் புழு வைத்துச் செத்தது.

முதல் மனுவை எழுதிக் கொடுத்த மேதாவி நான்தான். "எங்கள் ஏரியில் பிள்ளையார் பொம்மைகளைப் போடுகிறார்கள், நடவடிக்கை எடுக்கவும்."

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சதுர்த்தி சிலைகளைக் கரைக்க அனுமதிக்கப்பட்ட இடங்கள் பற்றி அறிய போலீஸ் ஸ்டேஷனை அணுகவும் என்று!

நான் ஆபீசர்களைத் திட்டித் தீர்த்தேன். அக்கா என்னைத் திட்டினார். "நீ எழுதுனது அப்பிடித்தானடி இருக்குது. புள்ளையாரைத் தண்ணியில போடறாங்கன்னா அவரு வேற என்னாத்த நெனைப்பாரு?"

அடுத்த திங்கட்கிழமை மனுநாளுக்கு ஒரு கோணிப்பையோடு கிளம்பினார். பஸ்ஸில் அந்த மூட்டை என் மடியில், புடவையெல்லாம் சேறு. உடைந்த தும்பிக்கை, பாதி அச்சு எல்லாவற்றையும் அப்படியே ஆபீசர் மேஜையில் கொட்டினார்.

"இதாங்க சார். வருஷம் பூரா விழுவுது. ஆட்டுக் கால அறுக்குது."

"உங்க ஓனரைப் பிடிச்சு உள்ள போடச் சொல்றியாம்மா?"

"அய்ய, வேணாங்க! அவரு யூனிட்ட மூடுனா நான் சோத்துக்கு எங்க போவேன்? ஒடைசலு கொட்டறதுக்கு வேற எடம் காட்டுங்க. அதுக்கப்புறமும் ஏரியில போட்டா ஃபைன் போடுங்க. அவ்ளோதான் சார்."

அந்த ஒன்றைத்தான் கடைசி வரை கேட்டார். நானாக இருந்தால் தூர் வாரு, ரோடு போடு, லைட் போடு என்று பதினாறு கேட்டு, பதினாறும் குப்பைக்குப் போயிருக்கும்.

அப்புறம் எத்தனை திங்கட்கிழமை! ஆபீசர் மாறினால் மறுபடி மூட்டை, மறுபடி பஸ். எனக்குச் சலித்துப்போய் "வுடுங்க யக்கா, நமக்கெதுக்கு இந்த ரோதனை" என்று கூடச் சொல்லியிருக்கிறேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பிடிவாதம்னா பிடிவாதம்.

கடைசியில் போன வாரம் கடிதம் வந்தது. வரும் வியாழக்கிழமை பெரிய ஆபீசரே ஏரிக்கு வந்து நேரில் பார்க்கிறார். யூனிட் முழுக்க அந்தக் கடிதத்தைக் காட்டினார் அக்கா. இன்னும் மூன்றே நாள்... இருந்திருக்கக் கூடாதா?

அக்கா இல்லாவிட்டாலும் வியாழக்கிழமை வருவார்களா என்று கேட்க இன்று காலை ஆபீசுக்கு ஓடினேன். கிளார்க் ஃபைலைப் புரட்டினார்.

"மனுதாரர் நேர்ல இருக்கணும்மா. இறந்துட்டாங்கன்னா மனுவ முடிச்சிடுவோம். கூட வேற யாராச்சும் கையெழுத்து போட்டிருக்காங்களா?"

இல்லை. ஒரே பெயர்தான்.

மனு எழுதிய அன்றைக்கே அக்கா என்னிடமும் கையெழுத்து கேட்டார். ஓனருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, "நீங்களே போடுங்கக்கா, ஒங்க பேருக்குத்தான் மதிப்பு" என்று ஐஸ் வைத்து நழுவினேன். அவருக்கும் அதே ஓனர்தான். தன் பெயரை மட்டும் எழுதினார்.

சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில். ஃபார்வர்டு பண்ணினவர்கள் ஒரு எட்டு நேரில் வந்துவிட்டுப் போங்கள்.

நான் கொஞ்சம் லேட்டாகத்தான் வருவேன். புது மனுவோடு வரிசையில் நிற்கிறேன். மனுதாரர் என்று போட்டிருக்கும் இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். இனிமே நான் பாத்துக்கறேன் யக்கா...

போயிட்டு வாங்க.