ஜித்தாவில் ஆறு நிமிஷம்

அன்று காலை எங்கள் மொட்டைமாடியில் நூறு நூறு பிறைகள் விழுந்து கிடந்தன. அடுத்த வீட்டு முருங்கைமரம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். அதன் இலைகளுக்கு நடுவே இறங்கும் வெயில் வழக்கமாக வட்ட வட்டப் பொட்டுகளாகத் தரையில் விழும். அன்றைக்கு ஒவ்வொரு பொட்டும் பிறையாகிவிட்டது. சூரியன் எந்த வடிவில் குறைந்திருக்கிறதோ அந்த வடிவம்தான் இலைச் சந்து வழியாகத் தரையில் விழும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மச்சி அதைக் கேட்கவில்லை. குனிந்து உள்ளங்கையை நீட்டினாள். கையில் மூன்று பிறைகள் விழுந்தன. அவற்றை ஊதி அணைக்கப்போவதுபோல் வாயைக் குவித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என் அண்ணனை நாங்கள் நானா என்போம். அவர் மனைவியை மச்சி. இப்போது காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பையன்கள் ஒருவரையொருவர் மச்சி என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் மச்சி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. நானா ஜித்தாவில் ஒரு துணிக்கடையில் இருந்தார். நான் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்தாம் வருஷம், தீபாவளிக்கு மறுநாள். முழுச் சூரிய கிரகணம் வடக்கே ராஜஸ்தானிலிருந்து வங்காளம் வரைக்கும்தான். எங்களுக்குப் பாதிக்குமேல் கொஞ்சம் மறையும், அவ்வளவே. கிரகணம் யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் வருவதில்லை என்று பள்ளிவாசலில் சொல்வார்கள். ஆனாலும் உம்மா விடிந்ததும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மச்சி அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருந்தாள். உம்மா தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மச்சியின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனவள் நான். அவள் இரண்டு தரம் வேண்டாம் என்றாள். நான்தான் விடவில்லை.

பிப்ரவரியில் பிள்ளை பிறந்தான், மேலுதடு மூக்குவரை பிளந்து. சப்பிக் குடிக்க முடியாது. பாலாடையில் பாலை எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் மூக்கு வழியாக வந்துவிடும். அந்த வேலையை அதிகம் செய்தது உம்மாதான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு வேளைப் பாலுக்கு ஒரு மணி நேரம் ஆகும், உம்மா முகம் சுளித்ததில்லை. ஆனால் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மச்சியிடம் கேட்டாள்.

"கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா?"

நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். அடுத்த வாரம் நாகூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மச்சி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"போனேன் மாமி. துணி எடுக்க மாடிக்கு ஏறினேன்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அது முடிந்த விஷயமாகிவிட்டது. உம்மா கத்துகிற ஆள் இல்லை. யாராவது வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டும்போது, "அன்னைக்கு இவ மாடிக்கு ஏறாம இருந்திருந்தா…" என்று பாதியில் நிறுத்துவாள். மீதியை வந்தவர்களே முடித்துக்கொள்வார்கள். நானாவும் போனில் ஒரே ஒரு தடவை, ஏன் போனாய் என்று கேட்டாராம். பையன் வளர்ந்து ஐந்தாறு வயதானபோது, "நீங்க ஏன் உம்மா மாடிக்குப் போனீங்க?" என்று அவனே கேட்டான். அவன் தலையை வாரிக்கொண்டிருந்த மச்சி, வாரி முடிக்கிறவரை பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

பையனுக்கு முதல் ஆபரேஷன் புதுச்சேரியில் நடந்தது. எனக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது, ஆனாலும் உம்மா வீட்டில்தான் இருந்தேன். துணைக்கு நான்தான் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா மச்சியின் முகத்தில் என்ன படித்தாரோ தெரியவில்லை, தானாகவே கிரகணத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு பொறுமையாக விரல்விட்டு எண்ணிக் காட்டினார். குழந்தைக்கு மேலுதடு கூடுவது இரண்டாம் மாதத்துக்குள். கிரகணம் வந்தது ஐந்தாம் மாதத்தில். சேராமல் போன உதடு அதற்கு எத்தனையோ நாள் முன்பே சேராமல் போய்விட்டது. மச்சி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஊர் திரும்பியதும் டாக்டர் என்ன சொன்னார் என்று உம்மா என்னிடம்தான் கேட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது என்றார், அடுத்தது ஒரு வருஷம் கழித்து என்றார் என்று மட்டும் சொன்னேன். கல்யாணமும் முடிந்துவிட்டதால் அப்போது எனக்கு மறைக்கக் காரணம் எதுவும் இல்லை. மாடிக்கு இழுத்துப் போனது யார் என்ற கேள்வி வந்துவிடும் என்ற வெட்கம்தான்.

பிறகு கோவில்பத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் இயற்பியல் நடத்தினேன். பூமியின் மேல் நிலாவின் நிழல் ஓடுவதுதான் சூரிய கிரகணம் என்று பந்தையும் டார்ச்சையும் வைத்து ஒவ்வொரு வருஷமும் காட்டுவேன். அதே மாலை வீட்டுக்கு வந்து, உம்மா பாதியில் நிறுத்தும் வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு சோறு தின்பேன். நானா மவுத்தாகி நாலு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை அவரிடமும் சொல்லவில்லை.

பையன் இப்போது வாப்பாவைப் போலவே ஜித்தாவில். உதட்டின் மேல் மெல்லிய ஒரு கோடு. மீசை வைத்திருப்பதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மனைவியும் அங்கேதான். போன மாதம் வீடியோவில் கூப்பிட்டு, அவள் உண்டாகியிருக்கும் நல்ல செய்தியைச் சொன்னான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, அவனுக்கு இன்னொரு செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருகிற ஆகஸ்ட் இரண்டாம் தேதி முழுச் சூரிய கிரகணமாம். ஸ்பெயினின் தெற்கே தொடங்கி, மொராக்கோ, அல்ஜீரியா, எகிப்து வழியாகச் செங்கடலைத் தாண்டி நேராக ஜித்தாவுக்கும் மக்காவுக்கும் மேலே வருகிறதாம். மத்தியானம் ஒரு மணிக்குமேல் ஜித்தாவில் ஏறக்குறைய ஆறு நிமிஷம் இருட்டாகிவிடும் என்று ஆபீசில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். இந்தியாவில் முழுசாகத் தெரிய வேண்டுமானால் இரண்டாயிரத்து முப்பத்து நாலு மார்ச் வரை காத்திருக்க வேண்டும், அதுவும் காஷ்மீர் பக்கம். காரைக்காலில் இந்தத் தடவை சாயங்காலம் சூரியனின் ஒரு ஓரம் மட்டும் மறையும்.

உம்மா விரலால் மாதத்தை எண்ணினாள். ஆகஸ்டில் ஏழு.

"ஜூலைக்குள்ள அவளை இங்க அனுப்பி வச்சிடு" என்றாள். "அங்க வேணாம்."

அவனுக்கு அப்போது லீவு கிடையாது. அவளை மட்டும் அனுப்பினால் பிரசவத்தின்போது அவன் கூட இருக்க முடியாது. அவன் பிறந்தபோது நானாவும் இப்படித்தான் அங்கே இருந்தார். அந்தப் பெண் திரையின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். பையன் தன் உம்மாவைப் பார்த்தான். மச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச அவளுக்கு உரிமையில்லை என்று முப்பது வருஷமாக நாங்கள் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

நான் சொன்னேன். "உம்மா, அன்னைக்கு மச்சி தானா ஏறல. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்." டாக்டரம்மா எண்ணிக் காட்டிய கணக்கையும் சொன்னேன், திரையில் இருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி.

உம்மா என்னைப் பார்க்கவில்லை. மச்சியைத்தான் பார்த்தாள். "இவ சொல்றது நிஜமா?"

"ஆமா மாமி."

"நீ ஏன் சொல்லல?"

"அப்ப இவளைப் பொண்ணு பாக்க வந்துக்கிட்டிருந்தாங்க."

உம்மா தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி தன் அறைக்குப் போய்விட்டாள். பையன் திரையிலிருந்து "உம்மா" என்று மட்டும் கூப்பிட்டான். மச்சி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடுப்படியில் மச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அப்படித்தான் எல்லாவற்றுக்கும் சொல்கிறவள்.

"கோவம் இருந்துச்சு" என்றாள். "மாமி மேல இல்ல. அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்தன்னைக்கு நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

அவள் பாதி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்து உரித்தேன்.

உம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை என் போனை வாங்கி, ஜித்தாவைப் போடச் சொன்னாள். பையன் வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பெண்தான் எடுத்தாள். என்ன சாப்பிட்டாய், வாந்தி நின்றதா, டாக்டர் எப்போது வரச் சொன்னார் என்று உம்மா ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஜூலையில் மச்சியை அங்கே அனுப்பிவைக்கிறோம், பிரசவம் முடிகிறவரை அவள் கூட இருப்பாள், நீ எங்கேயும் வர வேண்டாம் என்றாள். அந்தப் பெண் ஏதோ மெதுவாகக் கேட்டது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. உம்மா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"கிரகணத்தைப் பாரு புள்ள. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு. உன் மாமியையும் பக்கத்துல நிறுத்திக்க."

மச்சி அடுப்படியில் இருந்தாள். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.