வினாகிரி என்று சொன்ன போத்தல்

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர், அமிலமும் மூலமும் பாடம் தொடங்குவதற்கு முதல் நாள், வீட்டில் இருப்பதில் எதையாவது ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவரச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அமிலத்தைச் சோதிக்கும் பாசிச்சாயத்தாள் முடிந்துபோயிருந்தது. செவ்வரத்தம் பூவை அவித்த சாற்றில் நிறம் மாற்றிக் காட்டுவதாகச் சொன்னார்.

மற்றவர்கள் தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரத் தண்ணீரும் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது போதவில்லை. எங்களோடு இருந்த சித்தப்பா கண்டாவளைப் பக்கத்து உழவு இயந்திரங்களுக்கெல்லாம் பற்றரி பார்ப்பவர். கொட்டில் மூலையில் அவருடைய அசிட் கான் இருந்தது. அதைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர். அவர் வெளியே போன நேரம் பார்த்து, பழைய மருந்துப் போத்தல் ஒன்றில் அரைவாசிக்கு ஊற்றிக்கொண்டேன். மறுநாள் சைக்கிளில் போகும்போது பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கி, பை நனைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்து முடித்த பிறகுதான் ரீச்சர் சொன்னார்.

"பற்றரி அசிட் ஒருத்தரும் கொண்டு வரேல்லத்தானே? கொண்டு வந்திருந்தா நாளைக்கு வீட்டில ஆரையும் கூட்டிக்கொண்டுதான் வரவேணும்."

சித்தப்பாவின் கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. என் போத்தலின் முறை வந்தது.

"இது என்ன?"

"சமையலுக்கு விடுற வினாகிரி, ரீச்சர்."

"மணமே இல்லையே. தண்ணி விட்டனியோ?"

"ஓம், ரீச்சர்."

இரண்டு துளி விட்டதும் ஊதாச் சாறு கடும் சிவப்பானது. இவ்வளவு நல்ல அமிலத்தை இன்னும் காணவில்லை என்று மெச்சிக்கொண்டார். பிறகு, சாப்பாட்டுச் சாமானை மட்டும் ருசி பார்க்கலாம், அமிலம் புளிக்கும் என்று சொல்லி, முன் வாங்கில் என் பக்கத்தில் இருந்த கௌசியைக் கூப்பிட்டு, அவளுடைய உள்ளங்கையில் ஒரு துளி விட்டார்.

சத்தம் போட வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கௌசி சிரித்துக்கொண்டே கையை வாய்க்குக் கொண்டுபோனாள். அந்தக் கை அத்தனை மெதுவாகப் போனதாக இன்றைக்கும் நினைவிருக்கிறது. பாய்ந்து அதைத் தட்டிவிட்டேன். என் முழங்கை பட்டுப் போத்தல் சரிந்து ரீச்சரின் மணிக்கட்டிலும் சேலையிலும் ஊற்றியது.

"அசிட், ரீச்சர்," என்றேன். அப்போதுதான் குரல் வந்தது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கௌசியை இழுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார். அவளுடைய கையை நெடுநேரம் கழுவிவிட்டுத்தான் தன் கையைக் குழாயின் கீழ் பிடித்தார். திரும்பி வந்து, யாரோ கொண்டுவந்திருந்த அப்பச்சோடாவை அசிட் சிந்திய நிலத்தில் கொட்டினார். அது பொங்கி நுரைத்தது. பின் வாங்குக்காரர்கள் அதுவும் பாடம்தான் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்குப் பள்ளிக்கூட அதிபர் வந்துவிட்டார். ரீச்சரின் மணிக்கட்டு சிவந்திருந்தது.

"ஆர் இதைக் கொண்டு வந்தது?"

நான் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான், சேர்," என்றார் ரீச்சர். "பிள்ளையளுக்குக் காட்டுவமெண்டு கொண்டந்தனான்."

கௌசியின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா கானைத் தூக்கும்போதெல்லாம் நான் முற்றத்துக்கு நழுவினேன்; அவர் எதையும் கவனிக்கவில்லை. ரீச்சர் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிடுவார் என்று பயந்து, அவர் வரும் பக்கமே போகாமல் ஒளிந்து திரிந்தேன். அவர் கூப்பிடவில்லை. இரண்டு கிழமைக்குள் அவர் வராமல் போனார். வேறொரு சேர் வந்து, மிச்சப் பாடத்தைப் புத்தகத்தில் வாசிக்கச் சொன்னார்.

ரீச்சர் தொண்டர் ஆசிரியராக நான்கு வருடம் படிப்பித்தவர் என்பதும், நிரந்தர நியமனத்துக்கு அவருக்கு வேண்டியிருந்தது அதிபரின் ஒரு கடிதம் மட்டுமே என்பதும், அசிட் சிந்திய பிறகு அதிபர் அதை எழுதவில்லை என்பதும் நான் வளர்ந்து பெரியவளான பிறகு கேள்விப்பட்டவை. புதிய சேர் வந்த அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் செய்ததை அறிந்த பெரியவர் இனி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் இல்லை என்பதுதான். பல நாட்களுக்குப் பிறகு அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது.