நெஞ்சுக்குள் நின்றுபோன நற்கருணை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நடுவே வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுத வந்த துணிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டி. நானும் என் தம்பி சவரியும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறோம். எங்கள் அம்மா உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தாள். கடைசியில் அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசையில் நற்கருணை அப்பத்தை வாங்கி விழுங்கினேன். இறங்கவில்லை. நெஞ்சுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்த ஞாயிறும் அப்படியே. ஆண்டவர் எனக்குள் வர மறுக்கிறார் என்று நடுங்கிப்போனேன். நற்கருணை வாங்குவதையே நிறுத்தினேன். சோறும் விக்கியது. ஒறுத்தல் காலம்தானே என்று கஞ்சியாகக் கரைத்துக் குடித்தேன். அம்மாவின் ஞாபகம் வராமல் இல்லை. அந்த நோயை நினைப்பதைவிட, என் பாவம்தான் காரணம் என்று நினைப்பது எளிதாக இருந்தது.

தோட்டத்தில் பால் சேர்க்காத கட்டன் சாயாவை நான் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துச் சவரி கேலி செய்தான்.

"என்னக்கா, பச்சப்புள்ளைக்குப் பாலா ஆத்துற? ஆறிப்போனா அது கட்டனா? கழனித்தண்ணி!"

"எறங்க மாட்டேங்குதுலே."

"கங்காணி கூப்பிடுறாக. மடக்குனு ஊத்திட்டு வா."

கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு ஓடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அம்மாவும் அப்படித்தான் குடித்தாள்.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "சாமி, ஆண்டவரு என்னைய வேணாங்குறாரு. நற்கருணை எறங்க மாட்டேங்குது" என்று அழுதேன்.

பங்குச்சாமி, "சோறு எறங்குதாம்மா?" என்று கேட்டார்.

"அதுவும் நிக்குது சாமி."

"சோறு எறங்கலைன்னா டாக்டர்ட்டல்ல போகணும், எங்கிட்ட வந்து நிக்கிற? நாளைக்கே தேனிக்குப் போ. அதுதான் ஒனக்கு அபராதம்."

மன்னிப்புக்காகச் செபித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த பதில் அந்த ஒரு கேள்வி.

தேனியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா என் உள்ளங்கைகளைத் திருப்பித் தடவிப் பார்த்தார். "ஒங்க அம்மாவுக்கும் கை இப்படித் தடிச்சு இருந்துச்சா? உள்ளங்கால்?"

எதற்கு என்று கேட்டேன். கையும் காலும் தடித்து, உணவுக்குழாயிலும் புற்று வருகிற பரம்பரை நோய் ஒன்று உண்டாம். பிறப்பிலேயே வருமாம். ரொம்ப அபூர்வமாம். எனக்கு என் மகளின் கைகள்தான் கண்முன் வந்தன. 'மாதாவே, என்னோடு போகட்டும், அவளைத் தொடாதிருக்கட்டும்' என்று அங்கேயே வேண்டினேன்.

டாக்டரம்மா என் பாதங்களையும் பார்த்தார். தடிப்பு இல்லை, வெடிப்புதான். கையில் இருந்தது தோட்டத்தில் கத்தி பிடித்த காய்ப்பு. "அது இல்லம்மா" என்றார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். சாயாவைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போதெல்லாம் உணவுக்குழாயின் உள்தோல் சூட்டில் வெந்து, ஆறி, மறுபடி வேகிறது. ஒவ்வொரு தடவையும் புதுச் செல்கள் உண்டாகும்போது அவற்றின் மரபணுவில் பிழை விழலாம். பிழைகள் சேர்ந்தால் செல்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகும். அந்தப் பிழை அந்த இடத்தோடு சரி, பிள்ளைக்குப் போகாது. ஆனாலும் ஒரே வீட்டில் ஒரே பழக்கம் இருப்பதால், கூடப் பிறந்தவர்களையும் பார்த்துவிடச் சொன்னார்.

சதைச் சோதனை முடிவு வரும்வரை நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. செபமாலை கையில் இருக்கும், வாய் ஓடாது.

முடிவு வந்தது. செல்கள் புற்றாக மாறத் தொடங்கியிருந்தன. ஆனால் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. கத்தி வைக்காமல் குழாய் வழியாகவே அந்தப் பகுதியை எடுத்தார்கள். தழும்பால் குறுகியிருந்த வழியையும் விரித்துவிட்டார்கள். எடுத்த துண்டின் ஓரங்களில் கெட்ட செல்கள் இல்லை என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்காலில் விழுந்தேன். தோத்திரம் என்ற ஒரு சொல்தான் வந்தது.

இனியும் சோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சாயாவை ஆற்றித்தான் குடிக்கிறேன். அன்பானவர்களே, பயப்படுகிறவர்களையும் ஆண்டவர் கைவிடுவதில்லை. அவரை நம்புங்கள். சோறு இறங்கவில்லை என்றால் செபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓரங்களில் ஒன்றும் இல்லை என்ற அந்த நல்ல முடிவு வந்த மறுநாள் சவரியைத் தேனிக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்து, அவனுக்கும் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு இன்னும் வரவில்லை, அவனுக்காகச் செபியுங்கள்.